மேல்வீட்டில் ஓர் ஊர்

எங்கள் மேல்வீட்டில் இருந்தவர் யாரிடமும் தன் பெயரை முதலில் சொன்னதில்லை. ஊரைத்தான் சொல்வார்.

"உப்புவெளிக்கும் மலைக்கும் நடுவிலை. ரோட்டிலையிருந்து கழுதையிலை அரைநாள். பதினொரு வீடு. நாற்பத்திமூண்டு பேர்."

கேஸ் மீற்றர் பார்க்க வந்தவருக்கும் இதைத்தான் சொன்னார். கவுன்சிலில் இருந்து ஏதோ படிவத்தோடு வந்த பெண்ணுக்கும் இதைத்தான் சொன்னார். அவள் சிரித்தபடி பெயரைக் கேட்டாள். "அதுவும் இருக்கு," என்று சொல்லிவிட்டு, கடித உறை ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். ஒவ்வொரு கடிதத்திலும் அவருடைய பெயர் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். நாங்கள் அங்கிள் என்று கூப்பிட்டோம்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அந்த வீட்டின் கீழ்ப்பகுதிக்கு நானும் கணவரும் குடிவந்தது இரண்டாயிரத்து நாலில். முன்கதவு இரண்டு வீட்டுக்கும் பொது. அதைத் திறந்தால் வலப்பக்கம் எங்கள் கதவு, நேரே அவருடைய படிக்கட்டு. முதல்நாள் நான் அரிசிப் பையை இழுத்துக்கொண்டு வர, இறங்கி வந்து வாங்கி உள்ளே வைத்தார். உயரமான மனிதர். கழுத்து மட்டும் முன்னால் வளைந்திருக்கும். வெயில் காலத்திலும் கம்பளி வெயிஸ்கோட். அவர் பேசிய ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம். இங்கே நான் எழுதுவது, அது என் காதில் விழுந்த தமிழில். "தங்கச்சி" என்ற ஒரு சொல் மட்டும் அவரே சொன்னது. ரூட்டிங்கில் தமிழ்க் கடையில் சாமான் வாங்கப் போய்ப் பழகியிருந்தார்.

"தங்கச்சி, உன்ரை ஊரிலை எத்தினை பேர்?"

"தெரியாது அங்கிள். ஆயிரம், ரெண்டாயிரம் இருக்கும்."

"தெரியாதோ?" ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "அப்ப ஆருக்குத் தெரியும்?"

ஈரானின் கிழக்கு எல்லைப் பக்கம், பாரசீகம் பேசுகிற ஒரு சின்னஞ்சிறு ஊர் அவருடையது. இளவயதில் கப்பலில் வேலைக்கு ஏறி, லண்டனில் இறங்கி, ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் முப்பது வருசம் படுக்கை விரிப்புகளை மடித்தவர். ஒருமுறைகூடத் திரும்பிப் போனதில்லை. ஏன் என்று கேட்டால், "நான் அங்கைதானே இருக்கிறன்," என்பார். அதை வயோதிபர்கள் சொல்கிற ஒரு பேச்சு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் எனக்கு சுப்பர்மார்க்கெட்டின் பேக்கரியில் வேலை. விடிய ஐந்து மணி ஷிப்ட். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அறையில் படுப்பேன். சரியாக நாலு மணிக்கு மேலே நடை தொடங்கும்.

ஏழெட்டு அடி. பிறகு நிற்பார். இரண்டு தட்டு. ஏதோ முணுமுணுப்பு. மறுபடி நடை. நிற்பார். இரண்டு தட்டு. எண்ணிப் பார்த்தேன். பதினொரு தரம். சில இடத்தில் முணுமுணுப்பு நீளும். ஓரிடத்தில் சிரிப்புக்கூடக் கேட்கும். ஐந்தாவதிலிருந்து ஆறாவதுக்குப் போக மட்டும் நிறைய அடிகள் எடுக்கும். நடுவில் எதையோ தாண்டுவதுபோல ஒரு பெரிய எட்டு வைப்பார்.

"வாய்க்கால்," என்றார், நான் ஒருநாள் கேட்டபோது. வெட்கப்படவே இல்லை. "பின்னேரம் எல்லாற்றை வீட்டுக்கும் போய்த் தட்டி, சுகமோ எண்டு கேட்டிட்டு வருவன். சின்ன ஊர்தானே. அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும்."

கணவரிடம் சொன்னேன். "பாவம், தனிச்ச மனுசன்," என்றார். "எங்கட சனம் எத்தினை பேர் தங்களுக்குள்ளை கதைச்சுக்கொண்டு திரியினம். அவர் எண்டாலும் நடக்கிறார். காலுக்கு நல்லது."

நானும் பழகிவிட்டேன். நாலு மணி நடை கேட்காவிட்டால் நித்திரை வராது என்ற அளவுக்குப் பழகினேன். அந்த ஊரின் வழி எனக்குக் காதால் தெரியும். மூன்றாவது வீட்டில் ஒரு கிழவி தனியாக இருந்தாள் என்பதும், அவளுக்குக் காது மந்தம் என்பதும் தெரியும். அங்கே மட்டும் சற்றுப் பலமாகத் தட்டுவார்.

ஒரு மாசி மாதத்துப் பின்னேரம் அந்த மூன்றாவது இடத்தில் அவர் தட்டியது நிற்கவில்லை. இரண்டு தட்டு. பேச்சில்லை. மறுபடி இரண்டு தட்டு. பிறகு இன்னும் பலமாக. நான் எழுந்து கட்டிலில் இருந்தேன். மேற்கூரையில் தொங்கிய பல்ப் மெல்ல ஆடியது. கால் மணிநேரம் தட்டியிருப்பார். பிறகு நடை திரும்பியது. மற்ற எட்டு வீடுகளுக்கும் அன்று போகவில்லை.

அடுத்தநாள் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். குப்பை வாளி வைக்கிற இடத்தில் கண்டேன்.

"நாற்பத்திரண்டு," என்றார்.

"ஆரும் ரெலிபோன் எடுத்தவையோ?"

"அங்கை ரெலிபோன் இல்லை, தங்கச்சி. கதவு திறக்கேல்லை."

அன்று பின்னேரம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மூன்றாவது இடத்தில் நின்றார். தட்டவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு நாலாவதுக்குப் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம், ஒவ்வொரு நாளும், மூன்றாவதில் நிற்பார், தட்டமாட்டார். தட்டாமல் நிற்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

ஈலிங்கில் அவருடைய மருமகன், சகோதரியின் மகன் ஒருவர் இருந்தார். சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். பின்னாளில் அங்கிளைத் தன்னோடு கூட்டிப் போனதும் அவர்தான். வருசத்தில் இரண்டு தரம் அரிசியும் உலர்ந்த எலுமிச்சையும் கொண்டு வருவார். அந்தப் பங்குனியில் வந்தபோது மேலே ஏறுமுன் என்னிடம் நின்று கதைத்தார். ஊரில் ஒரு பெரியம்மா தவறிப் போனா, கிழவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, என்றார். எப்போது என்று கேட்டேன். அவர் சொன்னது, அங்கிள் மூன்றாவதில் தட்டிக்கொண்டே நின்ற அதே நாள்.

"அவருக்குத் தெரியும்," என்றேன். மூன்றாவது வீட்டைப் பற்றிச் சொன்னேன்.

மருமகன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "அங்கே இப்போது இரண்டு குடும்பம்கூட இல்லை," என்றார் மெதுவாக. "நிலத்தடி வாய்க்கால் வற்றிப் போய் எல்லோரும் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். இவர் என்னையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார். நான் ஆறு வயதில் வெளிக்கிட்டவன். எட்டாவது வீடு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போன வருசம் எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பெண்சாதிக்குக்கூட அப்போதுதான் தெரியும். பின்னேரம் ரெலிபோன் அடித்தது. இவர். 'ஏன் இவ்வளவு நேரம் கழிச்சுக் கதவு திறக்கிறாய்?' என்று கேட்டார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் உடனே நிறுத்திவிட்டார்.

இதற்கிடையில் என் கணவர் ஒரு கொம்பியூட்டர் வாங்கினார். உலகத்தில் எந்த ஊரையும் மேலே இருந்து பார்க்கலாம் என்று எல்லோரும் கதைத்த காலம். முதலில் எங்கள் ஊரைப் பார்த்தோம். வன்னியில் என் அண்ணை வீடு இருந்த இடத்தில் பச்சையாக ஒரு மங்கல்தான் தெரிந்தது. பிறகு அங்கிளின் ஊரைத் தேடினோம். மருமகன் எழுதித் தந்த பெயரைப் போட்டதும், யாரும் எழுதலாம் யாரும் திருத்தலாம் என்ற ஒரு பக்கம் வந்தது. நாலே வரி. இன்ன மாகாணம், இன்ன மாவட்டம், இன்ன அகலக்கோடு. கடைசி வரி: இந்த ஊர் இருப்பது பதிவாகியுள்ளது, குடித்தொகை தெரிவிக்கப்படவில்லை.

எனக்கு அதை அவருக்குக் காட்ட மனமில்லை. கணவர் யோசிக்காமல் படிக்கட்டடியில் நின்று குரல் கொடுத்துவிட்டார். "அங்கிள், உங்கட ஊர் கொம்பியூட்டரிலை வந்திருக்கு!"

வந்து கதிரையில் இருந்தார். கடைசி வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

"தெரிவிக்கப்படேல்லை எண்டால்?"

"ஒருத்தரும் சொல்லேல்லையாம்."

"ஆரும் வந்து கேட்டவையே?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். "எழுது. நாற்பத்திமூண்டு." அதற்குள் ஆறாவது வீட்டில் ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது, எங்களுக்கு இனிப்புக்கூடத் தந்திருந்தார்.

எழுதினேன். அடுத்தநாள் பார்த்தால் யாரோ அழித்துவிட்டு, சான்று இல்லை என்று குறிப்பு வைத்திருந்தார்கள். அங்கிளுக்கு விளக்கிச் சொன்னேன். சான்று என்றால் என்ன என்று கேட்டார். இதை எப்படித் தெரியும், யார் பார்த்தது என்று காட்ட வேண்டும் என்றேன். அவர் குனிந்து தன் இரண்டு முழங்காலையும் தடவினார்.

"இதை எழுதலாமோ?"

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தது. அந்த மாதங்களைப் பற்றி லண்டனில் இருந்த தமிழருக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. போரை நிறுத்தச் சொல்லி, வெஸ்ட்மின்ஸ்டரில் பார்லிமெண்டுக்கு முன்னால் குளிருக்குள் நின்றோம். பிறகு வீட்டுக்கு வந்து ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அண்ணையும் அண்ணியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வன்னிக்குள். மார்கழிக்குப் பிறகு ஒரு சொல் இல்லை. பேக்கரியில் மாவுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். யாராவது தோளைத் தொட்டால்தான் அசைவேன்.

சித்திரை தொடங்கின நேரம், ஒருநாள் பின்னேரம் மூன்றரை மணிக்கு அங்கிள் எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"உன்ரை அண்ணையின்ரை வீடு எங்கை இருக்கு? வழி சொல்லு."

எதற்கு என்று எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி நிற்கலாம் என்று பார்த்தேன். ஆனால் வாய் சொல்லத் தொடங்கிவிட்டது. பெரிய ரோட்டால் வந்து, குளக்கட்டில் ஏறி, பிள்ளையார் கோயிலடியில் இறங்கினால் ஒடுக்கமான ஒரு ஒழுங்கை. ஒழுங்கையில் நாலாவது வீடு. கிடுகு வேலி. முன்னால் தேமா மரம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எத்தனை பேர் என்றும் கேட்டார். நாலு பேர் என்றேன். அந்த ஒரு கணக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

"சரி," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

நான் கட்டிலின் விளிம்பில் இருந்தேன். நாலு மணிக்கு நடை தொடங்கியது. பதினொரு வீட்டுக்கும் வழமைபோலப் போய்த் தட்டினார். பிறகு நிற்கவில்லை. நடந்தார். அந்த அறை எனக்குத் தெரியும். முன்பு ஒருதரம் நாரி பிடித்து, முதுகு நிமிர்த்த முடியாமல் கிடந்தவருக்குச் சூப் கொண்டு போயிருக்கிறேன். பன்னிரண்டு அடி நீளம் இருக்காது. சுவரில் பதினொரு இடத்தில் முழங்கை உயரத்துக்கு மேலே பூச்சு தேய்ந்து உள்ளே இருந்த சாந்து தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அறைக்குள் அன்று அவர் நேரே நடந்துகொண்டே இருந்தார். திரும்புகிற சத்தம் ஒருதரமும் கேட்கவில்லை. அல்லது எனக்குக் கேட்கவில்லை.

நின்றார்.

தட்டவில்லை.

சிறிது நேரம் கழித்து நாலைந்து அடி. நின்றார். தட்டவில்லை. மறுபடி நாலைந்து அடி. தட்டவில்லை. ஒழுங்கை முழுக்க அப்படியே போனார். ஒரு வீட்டில்கூடத் தட்டவில்லை.

பிறகு படிக்கட்டு முனகியது. இறங்கி வந்து எங்கள் கதவுக்கு முன்னால் நின்றார். கதவுக்குக் கீழே அவருடைய செருப்பு நிழல் தெரிந்தது. நான் உள்ளே நின்றேன். இருவருக்கும் நடுவில் ஓர் அங்குலப் பலகை.

"தங்கச்சி."

"வேண்டாம் அங்கிள்," என்றேன். "சொல்லாதேங்கோ. தயவுசெய்து சொல்லாதேங்கோ."

செருப்பு நிழல் விலகியது. மேலே போய்விட்டார்.

அடுத்தடுத்த நாட்களில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார். அதற்கு மேல் எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கணவரிடம் சொன்னபோது அவர் முதல்தரம் என்மேல் சத்தம் போட்டார். "விசரே உனக்கு? ஒரு கிழவன் அறைக்குள்ளை நடக்கிறதை வைச்சு ஒரு குடும்பத்தையே கொல்லுறியோ?"

ஆனால் நான் கொன்றுவிட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குப் போகாமல், ரயில் மாறி லூயிஷாம் கோயிலுக்குப் போனேன். மோட்ச அருச்சனைக்குக் கொடுத்தேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அண்ணையின் பெயர் சொன்னேன். அண்ணியின் பெயர். மூத்தவள். சின்னவள்.

"காலமாகி எத்தினை நாள்?" என்று கேட்டார்.

நாளையும் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

அண்ணையின் ரெலிபோன் ஆனி மாதம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி. முகாமில் யாரோ ஒருவரின் போனில் இருந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்று எடுத்திருக்கிறார். குரல் கேட்டதும் நான் அழுதுவிட்டேன்.

"அழாதை. நேரமில்லை, கேள். நானும் அண்ணியும் மூத்தவளும் இருக்கிறம்."

"சின்னவள்?"

"சின்னவள் இல்லை," என்றார்.

என்ன கேட்பது என்று தெரியாமல், "வீடு அண்ணை?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கம். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா?

"வீடென்ன வீடு. தையிலையே வெளிக்கிட்டிட்டம். கதவு, யன்னல், ஓடு எல்லாத்தையும் கழட்டி ட்ரக்டரிலை ஏத்தினது. ஒழுங்கையிலை எல்லாச் சனமும் அப்பிடித்தான். போன இடமெல்லாம் பங்கர் வெட்டி, அந்தக் கதவைத்தான் மேலை போட்டு மண் மூடிப் படுத்தம். சின்னவள் தண்ணி எடுக்க வெளியிலை போன நேரம்…" நிறுத்தினார். "எங்களைச் செத்துப் போச்சினம் எண்டு நினைச்சிருப்பியள், என்ன?"

"இல்லை அண்ணை," என்றேன். "ஒருநாளும் நினைக்கேல்லை."

லைன் அறுந்தது.

நான் முகத்தைக் கழுவவும் இல்லை. நேரே படிக்கட்டில் ஏறினேன். இரண்டரை மாதமாக அந்தப் படியில் கால் வைக்கவில்லை. அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என் அழுகை மேலே கேட்டிருக்கும்.

"மூண்டு பேர் இருக்கினம்," என்றேன். "சின்னப்பிள்ளை இல்லை. மற்றவை இருக்கினம் அங்கிள். நீங்கள் பிழை. நீங்கள் ஒரு வீட்டிலையும் தட்டேல்லை, எல்லாரும் போட்டினம் எண்டுதானே காட்டினனீங்கள்? நான் கோயிலிலை போய் அவைக்கு…"

அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே ஒரு படி இறங்கி, என் உயரத்துக்கு வந்தார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, தங்கச்சி. எனக்கு அங்கை ஒண்டும் தெரியேல்லை. நீ சொன்ன வழியாலைதான் போனன். குளம், கோயில், ஒழுங்கை. நாலாவது வீட்டு வாசலிலை நிண்டு கையைத் தூக்கினன். தட்டுறதுக்குக் கதவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனன். அங்கையும் கதவில்லை. அந்த ஒழுங்கை முழுக்க ஒரு வீட்டுக்கும் கதவில்லை. என்ரை வாழ்நாளிலை அப்பிடி ஒரு ஊரை நான் காணேல்லை. பயந்துபோய்த் திரும்பி வந்திட்டன்."

"பிறகேன் கீழை வந்தனீங்கள்? என்ன சொல்ல வந்தனீங்கள்?"

"சொல்ல வரேல்லை. கேக்கத்தான் வந்தனான்." தன் முழங்கைகளைத் தானே பிடித்துக்கொண்டு, உண்மையாகவே பதில் தெரியவேண்டிய ஒரு மனிதரைப்போல என்னைப் பார்த்தார். "உங்கட நாட்டிலை வீடுகளுக்குக் கதவு வைக்கிறேல்லையோ?"

நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன்.

"வைக்கிறனாங்கள் அங்கிள்," என்றேன். "வைக்கிறனாங்கள்."